ரீவ்ஸ் கவுண்ட்டி ராயல்டி: கடிதக்காரருக்கு விற்பதா, ஏலத்தில் விடுவதா?

வைகைமகள்:
அப்பா டெக்சாஸ் மிட்லண்டில் மருத்துவராக இருந்தவர். 1986இல் எண்ணெய் விலை தரைமட்டத்துக்குப் போனபோது, ரீவ்ஸ் கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் போல) 10 ஏக்கருக்குக் கனிம உரிமையை, அதாவது நிலத்தடி எண்ணெய்க்கான உரிமையை மட்டும் வாங்கிப் போட்டார். மேல்நிலம் வேறொருவருடையது. 2023இல் அப்பா காலமானார். உயில்படி அது எனக்கும் சென்னையில் இருக்கும் தம்பிக்கும் சரிபாதி. அங்கே எண்ணெய் எடுக்கும் நிறுவனம் தரும் பங்குப் பணமாக, மாதம் சுமார் 1,900 டாலர் ராயல்டி வருகிறது. போன வாரம் ஒரு நிறுவனம் 85,000 டாலர் தருவதாகக் கடிதம் அனுப்பியது. கூடவே ஒரு பத்திரமும் காசோலை போன்ற ஒரு தாளும் இருந்தன. தம்பிக்கு மகள் படிப்புச் செலவு நெருக்குகிறது, அதனால் விற்பது முடிவாகிவிட்டது. யாரிடம், எங்கே விற்பது?

பெர்மியன் சேகர்:
அது காசோலை இல்லை அக்கா, டிராஃப்ட். நம்மூர் வங்கி டிராஃப்ட் மாதிரி உறுதியான பணம் இல்லை, அவகாசம் கழித்துப் பணம் தருவதாகச் சொல்லும் தாள்தான். அதன் ஓரத்தில் எத்தனை வங்கி வேலைநாள் அவகாசம் என்று அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். நோட்டரி முன் நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தை வைத்துக்கொண்டு, அத்தனை நாளும் அதை வேறொருவரிடம் கூடுதல் விலைக்குப் பேசிப் பார்ப்பார்கள். பேரம் படியாவிட்டால் டிராஃப்டுக்குப் பணம் வராது. பத்திரத்தில் ‘இந்தக் கவுண்ட்டியில் எனக்குள்ள எல்லா உரிமைகளும்’ என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அப்பா வேறு எங்காவது வாங்கி நீங்கள் அறியாமல் கிடக்கும் பங்கும் சேர்ந்து போய்விடும்.

85,000 என்பது இன்றைய வரவில் 45 மாதப் பணம்கூட இல்லை. உங்கள் நிலத்தில் புதிய துளையிடல் அனுமதி ஏதாவது வந்திருக்கிறதா? டெக்சாஸ் ரயில்ரோடு ஆணையத்தின் இணைய வரைபடத்தில் யாரும் பார்க்கலாம். பெயரில்தான் ரயில், கிணறுகளுக்கு அனுமதி தருவது அந்த ஆணையம்தான். என் முடிவு: இணைய ஏலம். அமரிலோவில் 1999 முதல் எனர்ஜிநெட் இதையே தொழிலாகச் செய்கிறது. பத்துப் பேர் போட்டியிட்டால்தான் சரியான விலை தெரியும்.

பழைய லேண்ட்மேன்:
கடிதத்தைப் பற்றிச் சேகர் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஏலம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 10 ஏக்கர் சிறிய பங்கு. அடிவிலை வைத்து ஏலம் விட்டு, அந்த விலைக்கு ஆள் வராவிட்டால் ‘ஏலத்தில் போகாதது’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். பிறகு வருகிறவர் அதைச் சொல்லியே விலையை அடிப்பார். அடிவிலை வைக்காமல் விட்டால், அன்று யார் வந்தார்களோ அவர்கள் வைத்ததே விலை.

அதே நிலத்தொகுப்பில், அதாவது கிணறுகளுக்காக ஒன்றாகச் சேர்த்த நிலங்களில், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவருக்குத்தான் உங்கள் 10 ஏக்கரின் அருமை தெரியும். அந்தக் கிணறுகளின் கணக்கு மாதாமாதம் அவர் கைக்கு வருகிறதே! அவர்கள் யார் என்பது பேக்கஸ் நகரில் உள்ள கவுண்ட்டி கிளார்க் அலுவலகத்துப் பத்திரப் பதிவுகளில் இருக்கிறது. நல்ல தரகர் அவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போவார். அதற்கு முன் ஒன்று: அப்பாவின் உயில் ரீவ்ஸ் கவுண்ட்டியில் பதிவாகியிருக்கிறதா? மிட்லண்டில் மட்டும் முடித்திருந்தால் போதாது. நான் லேண்ட்மேனாக, அதாவது எண்ணெய் நிறுவனங்களுக்காக நில உரிமைகளைப் பேசி வாங்கும் வேலையில் இருந்தபோது, இந்த ஒரு குறையைக் காட்டியே விலையைக் குறைத்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பெர்மியன் சேகர்:
ஐயா, தரகர் யாருக்கு வேலை செய்கிறார் என்பதுதான் என் கவலை. மாதத்துக்கு நாலு பங்கு வாங்கும் நிறுவனத்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு முறை வரும் இந்த அக்காவுக்காக அவர் போராடுவாரா?

பழைய லேண்ட்மேன்:
எத்தனை பேருக்கு அனுப்பினார், யார் என்ன விலை சொன்னார் என்ற முழுப் பட்டியலையும் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். மறுக்கும் தரகர் வேண்டாம்.

கூட்டல் கழித்தல்:
இருவருமே தம்பியின் வரியைத் தொடவில்லை. அவர் அமெரிக்கக் குடிமகனோ இங்கே வசிப்பவரோ இல்லையென்றால், எங்கே விற்றாலும் அவர் பங்கின் விலையில் 15 விழுக்காட்டை வாங்குபவர் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். கனிம உரிமையும் அசையாச் சொத்துதான். அதிகம் பிடித்ததைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் கல்லூரிக் கட்டணத் தேதிக்குள் அது வராது. இன்னொன்று, அப்பா இறந்த நாளில் அந்த உரிமையின் மதிப்பு என்ன என்று ஒரு மதிப்பீடு வாங்குங்கள். ஆதாய வரி அதற்கு மேல் கிடைக்கும் தொகைக்குத்தான், 1986 விலையிலிருந்து அல்ல.

வைகைமகள்:
வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் தொகுப்பில் போன மாதம் இரண்டு புதிய அனுமதிகள்! கடிதம் அதற்குப் பின்னால்தான் வந்திருக்கிறது. ராயல்டிச் சீட்டில் என் பங்கும் தம்பி பங்கும் தனித்தனியாக 0.00195313 என்று இருக்கின்றன. தொகுப்பின் 640 ஏக்கரில் எங்கள் 10, அதில் ராயல்டியாக வரும் கால் பங்கு, அதில் ஆளுக்குப் பாதி. கணக்கு ஒத்துப்போகிறது.

பெர்மியன் சேகர்:
அப்படியென்றால் இப்போதே ஏலம் விடுங்கள். இந்த அனுமதிகளுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். கிணறு தோண்டாமலே காலாவதியானால் உங்கள் கையில் பழைய கிணறுகள்தான் மிஞ்சும். ஷேல் என்னும் இறுகிய பாறையில் தோண்டும் இந்த வகைக் கிணற்றில் முதல் ஆண்டிலேயே வரத்து பாதிக்கு மேல் குறைந்துவிடும். 2020 ஏப்ரல் 20 நினைவிருக்கட்டும், எண்ணெய் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலருக்குப் போனது.

பழைய லேண்ட்மேன்:
அந்தப் பயத்தில் விற்றவர்களின் பங்கை வாங்கியவர்கள் அடுத்த இரண்டே ஆண்டில் பேரல் 100 டாலருக்கு மேல் போனதைப் பார்த்தார்கள். படிப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு விற்றால் போதும், முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை.

வைகைமகள்:
தம்பி தன் பாதியை மட்டும் விற்கச் சம்மதித்துவிட்டான். கடிதத்தில் வந்த பத்திரத்தில், சேகர் சொன்ன அந்த வரி மூன்றாம் பத்தியில் இருந்தது. உயில் ரீவ்ஸில் பதிவாகவில்லை. திங்கட்கிழமை பேக்கஸ் போகிறேன், பதிவு முடிந்ததும் ஏலமா தரகரா என்று மறுபடி கேட்கிறேன்.