பம்ப் நிற்காமல் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் விக்கி விக்கி வருகிறது (மோட்டார்ஹோம்)

நெடுஞ்சாலை400 எழுதியது:

வணக்கம். நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். போன இலையுதிர் காலத்தில் பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கினோம். ஃபோர்டு இ-450 வண்டி, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை இருக்கும் வகை. விக்டோரியா தின விடுமுறைக்குக் கில்பெயர் பூங்காவில் முகாமிடப் போனபோதுதான் தண்ணீரில் தொல்லை இருப்பது தெரிந்தது.

வீட்டு வாசலில் தோட்டத்து ஹோஸை வண்டியில் பூட்டினால் ஒரு குறையும் இல்லை. சமையலறை, குளியலறை, வெந்நீர் எல்லாம் நன்றாக வருகின்றன. கில்பெயரில் எங்கள் இடத்தில் மின்சாரம் மட்டும்தான், தண்ணீர் இணைப்பு கிடையாது. பூங்காவின் பொதுக் குழாயில் வண்டியின் தண்ணீர்த் தாங்கியை (டேங்க்) நிரப்பிக்கொண்டு போய், அதிலிருந்து தண்ணீரை இழுக்கும் பம்பைப் போட்டோம். முதல் நாள் மாலை ஓரளவு பரவாயில்லை. மறுநாள் பிள்ளைகள் குளித்து முடித்த பிறகு குழாய் துப்பத் தொடங்கியது. காற்று, தண்ணீர், மறுபடியும் காற்று. எல்லாக் குழாய்களையும் மூடினாலும் பம்ப் நிற்கவில்லை. சுவிட்சை அணைத்தால்தான் சத்தம் அடங்கியது.

ஃபியூஸ் சரியாக இருக்கிறது. பற்றரி 12.6 வோல்ட் காட்டுகிறது. தாங்கியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இருந்தது, காலியாகவில்லை. கணவர் எல்லா அலுமாரிகளையும் திறந்து, இணைப்பு இணைப்பாகக் கடதாசியால் துடைத்துப் பார்த்தார். ஓரிடத்திலும் ஈரமில்லை. குளிர்காலத்துக்கு முன் வண்டியை நிறுத்திவைத்த இடத்திலேயே காற்றழுத்தத்தால் குழாய்களை ஊதி வெறுமையாக்கித் தந்தார்கள்.

பழுது பார்க்கும் கடையில் கேட்டால் பம்ப் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். கனடா தினத்துக்கு மறுபடியும் இடம் பதிந்திருக்கிறோம். இந்த முறை அம்மாவும் வருகிறார். முழங்கால் வலியோடு அவரால் இரவில் பொதுக் கழிப்பறைவரை நடக்க முடியாது, வண்டிக்குள் தண்ணீர் வந்தே ஆக வேண்டும். உண்மையிலேயே பம்ப்தான் காரணமா?

வடதிசை எழுதியது:

பம்பையே மாற்றிவிடுங்கள். நான்கு திருகாணி, இரண்டு வயர், இரண்டு குழாய். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய வண்டியில் பழைய பம்பை நம்பிக் காட்டுக்குப் போகக் கூடாது.

பழைய பிளம்பர் எழுதியது:

பிள்ளை, பொறுங்கள். இப்போதைக்குப் பம்ப் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே முக்கால்வாசி விடை இருக்கிறது.

வீட்டு ஹோஸைப் பூட்டும்போது வரும் தண்ணீர் பம்பைத் தொடுவதே இல்லை. நகரத் தண்ணீரின் அழுத்தமே குழாய்களை நிரப்பிவிடும். அந்தத் தண்ணீர் திரும்பித் தாங்கிக்குள் போகாமல் பம்பின் ஒருவழி வால்வு தடுக்கிறது. வாசலில் எல்லாம் சரியாக வருகிறது என்றால் பம்புக்குப் பிந்திய குழாய்கள், வெந்நீர்த் தாங்கி, குழாய்த் தலைகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. அந்தப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தாங்கியிலிருந்து பம்ப் வரையுள்ள அந்தச் சிறு நீளத்தைப் பாருங்கள், அதன் பிறகு பம்பைப் பாருங்கள்.

பம்ப் சுற்றுகிறது, ஆனால் காற்றும் சேர்ந்து வருகிறது. அப்படியானால் எங்கோ ஓரிடத்தில் காற்றை உறிஞ்சுகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவால் இளநீர் குடிப்பதைப் போன்ற நிலை. காற்று கலந்திருக்கும்வரை அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிட்டால் பம்பின் தலையில் உள்ள சுவிட்ச் அதை நிறுத்தாது. இந்த 12 வோல்ட் பம்புகளில் பல, அழுத்தம் 55 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) எட்டினால்தான் தானாக நிற்கும்.

தாங்கி நிறைந்திருந்தபோது பரவாயில்லை, குறைந்த பிறகு மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். மிக முக்கியமான தகவல் அது. நீர்மட்டம் பம்பைவிட உயரமாக இருக்கும்போது தண்ணீர் தன் எடையாலேயே பம்பை நோக்கி வந்துவிடும், பம்ப் பெரிதாக உறிஞ்ச வேண்டியதில்லை. மட்டம் கீழே இறங்கிய பிறகு அது இழுத்தாக வேண்டும். இழுக்கும்போது தண்ணீரைவிடக் காற்று சுலபமாக உள்ளே வந்துவிடும்.

கணவர் துடைத்துப் பார்த்தும் ஈரம் தெரியாததற்குக் காரணமும் இதுதான். வாசல் ஹோஸின் அழுத்தம் உறிஞ்சும் பக்கத்துக்கு வராது. பம்ப் ஓடும்போதோ அங்கே இருப்பது வெளியே தள்ளும் அழுத்தம் இல்லை, உள்ளே இழுக்கும் விசை. தாங்கி பாதிக்குக் கீழே இருக்கும்போது அந்த இடம் காய்ந்துதான் கிடக்கும். தாங்கியை விளிம்புவரை நிரப்பி, ஓர் இரவு விட்டு, காலையில் பம்பைச் சுற்றித் தொட்டுப் பாருங்கள். ஒரு துளியாவது தென்படலாம்.

எனக்கு வடிகட்டியின்மீதுதான் சந்தேகம். பம்பின் நுழைவாயிலில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று இருக்கும், உள்ளே சன்னமான வலை. காற்றழுத்தத்தால் ஊதினார்கள் என்றீர்கள். வீட்டுத் தண்ணீர் பூட்டும் வாயில் வழியாக ஊதினால், பம்புக்குப் பிந்திய குழாய்களிலிருந்து மட்டும்தான் தண்ணீர் வெளியேறும். ஒருவழி வால்வைத் தாண்டிக் காற்று பின்னோக்கிப் போகாது. பம்பின் தலையிலும் வடிகட்டியிலும் தண்ணீர் தங்கிவிடும். ஒன்ராறியோக் குளிரில் அந்தக் கைப்பிடித் தண்ணீர் உறைந்து விரிந்தால் பிளாஸ்டிக் தாங்காது.

சோதனை இதுதான். பம்பின் நுழைவாயிலிலிருந்து வடிகட்டியைக் கழற்றுங்கள். கை கழுவும் தொட்டியின் கீழே பூட்டும் அரை அங்குலக் குழாய் ஒன்றைக் கடையில் வாங்குங்கள், பெரும்பாலான பம்புகளின் மரையில் அது நேராகப் பொருந்தும். ஒரு முனையைப் பம்பில் பூட்டி, மறுமுனையை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சமையலறைக் குழாயைத் திறந்துவைத்துப் பம்பைப் போடுங்கள். துப்பல் நின்று ஒரே சீராகத் தண்ணீர் வந்து, குழாயை மூடியதும் சில நொடிகளில் பம்ப் நின்றால் பம்பில் குற்றமில்லை. வாளியிலிருந்தும் இழுக்காவிட்டால் வடதிசை சொல்வதுபோல் பம்பை மாற்றத்தான் வேண்டும். அப்போது மாற்றுங்கள், ஆட்சேபணை இல்லை.

ஒன்று மட்டும் கவனம். அந்த பிளாஸ்டிக் மரைகளைக் கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். டெஃப்லான் நாடாவும் சுற்ற வேண்டாம். உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறது, தண்ணீரை அதுதான் அடைக்கும். பிய்ந்த நாடாத் துண்டு பம்பின் வால்வில் சிக்கினால் ஒரு பழுது இரண்டாகிவிடும்.

நெடுஞ்சாலை400 எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. சனிக்கிழமை அப்படியே செய்து பார்த்தோம்.

பம்ப் கட்டிலுக்கு அடியில் இருந்தது. வாளியிலிருந்து முதலில் கொஞ்சம் இருமிவிட்டு, பிறகு கண்ணாடிக் கம்பிபோலத் தண்ணீர் வந்தது. குழாயை மூடியதும் பம்ப் நின்றது. கணவர் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக நின்றது.

வடிகட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கிண்ணத்தின் கழுத்தோரமாக மயிரிழைபோல ஒரு கோடு. கீறலா வெடிப்பா என்று தெரியவில்லை. நகத்தால் வருடினால் மெல்லத் தட்டுப்பட்டது. கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றிக் கடதாசியின்மேல் வைத்தோம், சிறிது நேரத்தில் வட்டமாக ஈரம் படர்ந்தது. உள்ளே வலையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் சீவல்களும் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன?

பழைய பிளம்பர் எழுதியது:

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அது வெடிப்புத்தான். பசை போட்டு ஒட்ட வேண்டாம், மறு குளிரில் அதே இடத்தில் மறுபடியும் பிரியும். முழு வடிகட்டியையே மாற்றுங்கள். பம்பின் விலையோடு பார்த்தால் அது மிகச் சிறிய செலவு. வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மரையாகச் சுழற்றிப் பூட்டுவதும் உண்டு, நேராகச் செருகிப் பூட்டுவதும் உண்டு.

சீவல்கள் தாங்கி செய்தபோது துளையிட்ட மிச்சம். தொழிற்சாலையில் கழுவாமல் விட்டுவிடுகிறார்கள், பல வருடங்கள் கழித்தும் வந்துகொண்டிருக்கும். அவற்றைப் பிடிக்கத்தான் வடிகட்டியே இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயோடு ஓட்டினால் ஒரு சீவல் வால்வுக்குள் உட்கார்ந்துவிடும். பிறகு வாசல் ஹோஸைப் பூட்டும்போதெல்லாம் தண்ணீர் பின்னோக்கிப் போய்த் தாங்கி நிரம்பி வண்டிக்கு அடியில் வழியும். வேறு யாருக்காவது அப்படி வழிந்தால் இந்த வால்வைப் பார்க்கவும்.

மிசிசாகா அம்மா எழுதியது:

இரண்டு விஷயங்கள் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் வெந்நீர்த் தொட்டிக்கு மின்சாரச் சூடேற்றி இருந்தால், வெந்நீர்க் குழாயில் துப்பல் இல்லாமல் தண்ணீர் வரும்வரை அதன் சுவிட்சைப் போடாதீர்கள். காற்றை உறிஞ்சிய குழாய் அமைப்பில் தொட்டி நிறைந்திருக்கிறது என்று நம்ப முடியாது. தண்ணீரில்லாமல் சூடேறினால் அந்தக் கம்பி உடனே கருகிவிடும்.

இரண்டாவது, குடிக்கும் தண்ணீர். குழாயைத் திறந்து வேலை செய்திருக்கிறீர்கள், அதுவும் வண்டி பழையது. குழந்தைகளும் வயதானவர்களும் குடிக்கும் முன் தண்ணீர்த் தாங்கியைக் கிருமிநீக்கம் செய்துவிடுங்கள். மணம் சேர்க்காத சாதாரண வீட்டுப் பிளீச், 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப் கணக்கு. வாளித் தண்ணீரில் கரைத்த பிறகு தாங்கியில் ஊற்றி, தாங்கியை முழுக்க நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் பிளீச் மணம் வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மணம் போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். வெளிப்புற ஷவர் இருந்தால் அதையும் மறக்காதீர்கள்.

நெடுஞ்சாலை400 எழுதியது:

புது வடிகட்டி போட்டாயிற்று. தாங்கி கால்வாசிக்குக் குறைந்தபோதும் துப்பவில்லை, குழாயை மூடியதும் பம்ப் நிற்கிறது. மிசிசாகா அம்மா சொன்னபடி இன்று இரவு பிளீச் ஊற்றிவைக்கப் போகிறோம். வெந்நீருக்கு எரிவாயு, மின்சாரம் இரண்டும் இருக்கின்றன, சுவிட்சை அணைத்தே வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

ஒரே ஒரு கேள்வி. வரும் குளிர்காலத்தில் இது மறுபடியும் நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும்? ஊதுவதே தவறா?

பழைய பிளம்பர் எழுதியது:

ஊதுவது தவறில்லை, அதோடு நிறுத்துவதுதான் தவறு. முதலில் தாங்கியையும் வெந்நீர்த் தாங்கியையும் வடித்துவிடுங்கள். வெந்நீர்த் தாங்கிக்குச் சுற்றுவழி வால்வு இருக்கும், அதைத் திருப்பிவிட்டால் ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் உறையாத திரவம்) அந்தத் தாங்கிக்குள் வீணாகப் போகாது. பிறகு, வாளிச் சோதனைக்கு வாங்கிய அதே குழாயை வடிகட்டியின் நுழைவாயிலில் பூட்டி, மறுமுனையை இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் கலனுக்குள் விட்டுப் பம்பைப் போடுங்கள். இப்படிச் செய்தால் திரவம் வடிகட்டி, பம்ப் இரண்டின் வழியாகவும் போயாக வேண்டும். ஒவ்வொரு குழாயாக, குளிர்நீர்ப் பக்கமும் வெந்நீர்ப் பக்கமும், இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறந்து மூடுங்கள். கழிப்பறையின் மிதிகட்டையையும் ஒருமுறை அழுத்துங்கள். புரொப்பிலீன் கிளைக்கோல் என்று கலனில் அச்சிட்டிருக்க வேண்டும். கார் எஞ்சினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் விஷம், அதைத் தண்ணீர்க் குழாய்க்குள் விடவே கூடாது.

வசந்தத்தில் அலசிய பிறகு சுற்றுவழி வால்வைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் சூடேற்றி ஓடினாலும் குழாயில் வெந்நீர் வராது.