பெரியவீடு குடும்பக் குழு: முகில் பிடித்த பச்சோந்தி

செல்வி: (படம்) மதினி, உங்கள் மருமகன் செய்த வேலையைப் பாருங்கள். செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு அடைத்து வைத்திருக்கிறான். வளர்க்கப் போகிறானாம்.

முகில்: கவின் அத்தான் டொராண்டோவில் வளர்க்கலாம், நான் அருப்புக்கோட்டையில் வளர்க்கக் கூடாதா?

அப்பத்தா: (குரல் பதிவு)

முருகன்: அம்மா சொல்வது, அதன் மூச்சுக்காற்று பட்டாலே ஆகாதாம். கையைக் கழுவச் சொல்கிறார்கள்.

கவின்: விஷமெல்லாம் கிடையாது ஆச்சி. ஆனால் கையைக் கழுவுவது நல்லதுதான்.

ராதா: முகில், கவினுடையது ஏமன் நாட்டு வகை, பண்ணையில் பொரித்தது. உன் டப்பாவில் இருப்பது நம் ஊர்க் காட்டு உயிர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிப்பதும் குற்றம், வீட்டில் வைப்பதும் குற்றம்.

முருகன்: காலையிலிருந்து நானும் அதைத்தான் சொல்கிறேன் அக்கா. கேட்டால்தானே.

முகில்: யாருக்குத் தெரியப் போகிறது?

கவின்: சரி, சட்டத்தை விடு. தண்ணீர் எப்படிக் கொடுக்கிறாய்?

முகில்: கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

கவின்: தொடாது பார். தேங்கி நிற்கிற தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எங்கள் பச்சோந்தி மகாராணிக்குக் காலையும் மாலையும் செம்பருத்தி இலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். சொட்டு இலை விளிம்பில் உருண்டு வந்து தொங்கும். ஒரு கண்ணால் அதைப் பார்ப்பாள், இன்னொரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் மூக்கை இலையில் வைத்து அழுத்திக் குடிப்பாள்.

கவின்: அடுத்து வெளிச்சம். தினமும் 12 மணி நேரம் யுவிபி என்கிற புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கு எரிய வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் எலும்பில் சேராது, கால் வளைந்துபோகும். ஜன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயில் இதற்கு உதவாது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அந்தக் கதிர் குறைந்துவிடும், வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும்.

ராதா: செலவை என்னிடம் கேள். முதலில் கடைக்காரர் கண்ணாடித் தொட்டியைத் தலையில் கட்டிவிட்டார். தன் உருவத்தையே வேறு பச்சோந்தி என்று நினைத்து நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பிறகு நாலடி உயரத்தில் வலைக்கூண்டு வாங்கினோம். உள்ளே மணி பிளாண்ட், செம்பருத்தி. என் அடுப்படியில் அதன் தீனிக்கு உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சிகள் ஒரு பெட்டி நிறைய! அதற்கும் கேரட், கீரை போட்டு வளர்க்கிறான். சிப்ஸுக்கு மிளகாய்த்தூள் போட்டுக் குலுக்குகிற மாதிரி, கால்சியம் பொடியில் குலுக்கித்தான் போடுகிறான்.

செல்வி: பூச்சிக்கே சாப்பாடா!

முகில்: அத்தான், சிவப்புத் துண்டில் வைத்தேன். சிவப்பாகவே மாறவில்லை. கறுத்துப்போய்விட்டது.

கவின்: துண்டுக்காகவெல்லாம் மாறாதுடா. பயம், கோபம், குளிர் இதற்குத்தான் மாறும். தோல் செல்லுக்குள் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளி மாறினால் நிறமும் மாறும். மடகாஸ்கர் வகை ஒன்றை வைத்து ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 2015-ல் இதைக் காட்டினார்கள். உன்னுடையது பயத்தில் கறுத்திருக்கிறது.

முகில்: தினமும் கையில் எடுத்தால் பழகிவிடாதா?

கவின்: பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாய்க்குட்டி வேண்டுமென்றால் மாமாவிடம் கேள்.

முருகன்: என்னை இழுக்காதே.

செல்வி: கவின், இதற்கு வயிறு இரண்டு பக்கமும் முட்டு முட்டாகத் தெரிகிறது. முருங்கை மரத்தடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோதுதான் பிடித்தானாம்.

கவின்: அத்தை, அது முட்டை! இறங்கித் தோண்டுகிறது என்றால் முட்டையிடத்தான். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிர் போய்விடும். எங்கள் மகாராணி ஆணே இல்லாமல் முட்டையிட்டாள். ஈர மணல் தொட்டி வைத்துக் கூண்டைப் போர்வையால் மூடிவிட்டேன். யாராவது பார்த்தால் தோண்டுவதை நிறுத்திவிடுவாள்.

ராதா: முகில், பிடித்த இடத்திலேயே போய் விடு. இப்போதே.

முகில்: இருட்டப் போகிறதே?

கவின்: அதனால்தான் சீக்கிரம். டப்பாவைச் சாய்த்துவிட்டுத் தள்ளி வந்துவிடு. நின்று வேடிக்கை பார்க்காதே.

முகில்: விட்டாச்சு. மரத்தில் ஏறவில்லை, வேலி ஓரமாகப் போனது. மாடியிலிருந்து பார்க்கலாமா?

கவின்: அது பார்க்கலாம்.

முருகன்: நாளைக்குத் தோட்டத்தில் களை வெட்ட ஆள் வருகிறது. வேலி ஓரம் மண்வெட்டி போட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

கவின்: முட்டை பொரிக்க மாதக்கணக்கில் ஆகும் மாமா.

முருகன்: அதுவரை அங்கே களை வளரட்டுமாக்கும்!