டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்லலாமா?

குடியாத்தம் அம்மா:
என் பையன் நாலாவது படிக்கிறான், தனியார் பள்ளி. போர்டைப் பார்த்து எழுதும்போது இரண்டு வார்த்தை எழுதிவிட்டு நிமிர்வான், விட்ட இடம் தெரியாது. பக்கத்துப் பையன் நோட்டை இழுப்பான், சண்டை வரும். அதே பாடத்தை வாயால் கேட்டால் கடகடவென்று சொல்வான். வேலூரில் டாக்டரிடம் காட்டினோம், கற்றல் குறைபாடு என்றார். அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்ததும், "டிசி வாங்கிட்டு சிறப்புப் பள்ளியில சேருங்க" என்கிறார்கள். இது நியாயமா?

காட்பாடி ஆசிரியர்:
அம்மா, வருத்தப்படாதீங்க. வகுப்பில் 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒருவனுக்காகப் பத்து நிமிடம் நின்றால் மற்றவர்களின் பாடம் நிற்கிறது. பயிற்சி பெற்றவர்களிடம் படிப்பது அவனுக்கே நல்லது.

ராணிப்பேட்டை அப்பா:
சார் சொல்வதுதான் சரி. என் மகள் வகுப்பில் ஒரு பையன் பென்சிலால் அவள் கையில் குத்திவிட்டான். பள்ளிக்குப் போகவே பயப்படுகிறாள். அவளைப் பற்றியும் யாராவது யோசிக்க வேண்டாமா?

ஆற்காடு சிறப்பு ஆசிரியை:
யோசிக்க வேண்டும் அண்ணா. குத்தியவனைக் கண்டிக்காமல் விடச் சொல்லவில்லை. ஆனால் எந்த பீரியடில் அடிக்கிறான் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். நான் பார்த்த பிள்ளைகள் பலர் டிக்டேஷன் முடிந்த கையோடுதான் அடிதடியில் இறங்குவார்கள். எழுத முடியாத அவமானம் அது.

டிசி விஷயத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி எட்டாவது முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது, ஆட்டிசமும் இருக்கிறது. அதீதத் துறுதுறுப்பு, கவனக்குறைவு மட்டும் உள்ள பிள்ளைகள் அதில் இல்லை. அவர்கள் பாடுதான் இன்னும் மோசம்.

காட்பாடி ஆசிரியர்:
சட்டம் சரி மேடம், ஆள் எங்கே? தொடக்க வகுப்புகளில் இப்படிச் சிறப்புக் கவனம் தேவைப்படும் பத்து பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. எங்கள் பள்ளியில் ஒருவர்கூட இல்லை.

ஆற்காடு சிறப்பு ஆசிரியை:
அப்படியானால் ஆளைக் கேளுங்கள் சார், பிள்ளையை அனுப்பாதீர்கள். ஆள் வரும்வரை செய்ய முடிந்ததும் இருக்கிறது. முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள். போர்டில் எழுதுவதை ஒரு தாளில் கொடுத்து, வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பாதி பீரியடில் சாக்பீஸ் எடுத்துவர அனுப்புங்கள், கால் ஓய்ந்து திரும்புவான். தேர்வில் பாதியை வாயால் கேளுங்கள். இதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

காட்பாடி ஆசிரியர்:
ஸ்கேலும் தாளும் நாளைக்கே செய்கிறேன். அடிக்கிற பிள்ளை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. 40 பேரில் ஒருவருக்கு ரத்தம் வந்தால் பெற்றோருக்குப் பதில் சொல்வது நான்தான்.

குடியாத்தம் அம்மா:
நாளை ஹெச்.எம்.மைப் பார்க்கிறேன். வாயால் சொன்னால் போதுமா?

ஆற்காடு சிறப்பு ஆசிரியை:
போதாதும்மா. கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். டிசி கேட்டு எதிலும் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஆளும் கேட்க அதுதான் கைகொடுக்கும்.