லயத்து வீட்டுக்குள் சண்டைக் காட்சி: சீரியல் வாடை வராமல் எடுப்பது எப்படி?

செம்பனைக்காடு:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் (வரிசை வீட்டில்) குறும்படம். அப்பா ஓய்வு பெற்றாச்சு, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. மகள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு பார்க்கலாம் என்கிறாள், அவருக்கு மனசில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் வெடிக்கணும். ஹால் 10க்கு 12 அடி. 18 எம்எம் லென்ஸில் ஒத்திகை எடுத்தால் அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் கேமராவைப் பார்த்துக் கத்துற மாதிரி இருக்கு. ஏபிஎஸ்-சி கேமரா (சென்சார் ஃபுல் ஃபிரேமை விடச் சின்னது), 35 எம்எம்மும் கைவசம் இருக்கு.

லென்ஸ்மணி:
18ஐப் பையில் போடுங்க. 35இல் 10 அடி தூரத்துக்கு ஆறே முக்கால் அடி அகலம்தான் விழும், ஹாலுக்குள் நின்றால் மூன்று பேர் அடங்கமாட்டாங்க. கேமரா குசினிக்கு (சமையலறைக்கு) போகட்டும். குசினி வாசல் நிலையே சட்டமாகிடும் (ஃபிரேம்). அப்பா கேமராவுக்கு முதுகு காட்டி, முன்வாசலைப் பார்த்து உட்காரணும். மகள் அவருக்கும் வாசலுக்கும் நடுவில். அவர் எழுந்து போகணும்னா அவளைத் தாண்டித்தான் போகணும். இது போதும், பாதி வசனத்தை வெட்டிடலாம். சோறு பிசையும் தோள் சட்டென நிற்கும் இடம்தான் உச்சம், அவர் முகம் தேவையே இல்லை. அம்மா குசினிக்கு வரும்போதெல்லாம் சட்டத்தை மறைச்சுட்டு விலகட்டும்.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் கேமரா உயரம் இரண்டரை அடி. நின்ற உயரத்தில் வைத்தால் எல்லாரும் குட்டையாகி, பரிதாபம்தான் மிஞ்சும். ஜப்பான் இயக்குநர் ஓஸு பெரும்பாலும் 50 எம்எம்மை வைத்துக்கொண்டு, கேமராவைத் தாழ்த்தியே வீடுகளை எடுத்தவர். உங்க கேமராவில் 35 கிட்டத்தட்ட அதே பார்வை.

செம்பனைக்காடு:
நன்றி அண்ணே. பேசுற இருவருக்கும் நடுவே போகும் கோட்டைக் கேமரா தாண்டக்கூடாது என்கிற 180 பாகை விதியையும் ஓஸு மீறுவாரே, நாமும் மீறலாமா?

லென்ஸ்மணி:
அவர் மீறும்போது இரண்டு முகமும் சட்டத்தில் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்கும், கண் தடுமாறாது. அந்த அளவு பிசகினால் யார் யாரிடம் பேசுறாங்கன்னே புரியாது. முதல் படத்துக்கு வேண்டாம் தம்பி.

ஒலிப்பெட்டி:
காத்தாடியை நிறுத்துங்க, அதன் சத்தத்தைத் தனியாகப் பதியுங்க. ஐஸ்பெட்டியையும் அணைச்சு, கார் சாவியை அதுக்குள்ள வச்சிடுங்க. திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வாயில் சோறோடு வசனம் பேசினால் எடிட்டிங்கில் வெட்டு ஒட்டாது, கவளத்தைத் தட்டில் வச்சிட்டுப் பேசட்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் மைக்கை மாத்திப் பயனில்லை. மழை விட்டதும் அதே ஹாலில், அதே ஆட்களை உட்கார வச்சு வசனத்தை மட்டும் பதியுங்க. சட்டத்தில் விழாத சுவரில் கம்பளி தொங்கட்டும், எதிரொலி குறையும்.

வெள்ளைத்துணி:
விளக்கையும் கவனிங்க. தலைக்கு நேர் மேலே குழல்விளக்கு மட்டும் இருந்தால் கண்குழி கறுத்துடும். 1956இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் போட்டு, மேலே துணி கட்டி, அதில் ஒளியைத் தெறிக்க விட்டார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. உங்களுக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பு போதும்: சாமி மேடைப் பக்கச் சுவரில் கட்டி, எல்இடியை அதன் மேல் அடிங்க. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்காவிட்டால் குழல்விளக்கு படத்தில் துடிக்கலாம். எல்இடியைப் பாதி வெளிச்சத்துக்குக் குறைத்தாலும் சிலது துடிக்கும், முந்தின நாளே எடுத்துப் பெரிய திரையில் பாருங்க.