மாவு ஆட்ட 20 நிமிடமா? யார் வீட்டில்?

வடவள்ளிக்காரி:
இந்தத் தளத்தின் பாக்கெட் மாவு விவாதத் திரியில் கணக்குப்பிள்ளை என்பவர் நேற்று எழுதியதை அப்படியே இங்கே ஒட்டுகிறேன். "வேலைக்குப் போகும் பெண்கள் பாக்கெட் மாவு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் ஏன் வாங்க வேண்டும்? அரிசியைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் 20 நிமிட வேலை." ராத்திரி படித்தேன், தூக்கம் போய்விட்டது. எங்கள் இரண்டு லிட்டர் கிரைண்டரில் உளுந்து மட்டுமே 35 நிமிடம் ஓடும், அரிசி இன்னொரு அரை மணி. இதில் எந்த 20? இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், ஒன்பது வருடமாக வீட்டில் இருக்கிறேன், வாரம் இரண்டு முறை ஆட்டுகிறேன். ஆட்டாதவர்கள் கணக்கு சொல்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
மேடம், நான் சொன்னது உங்கள் கை வேலை. கிரைண்டர் ஓடும்போது பக்கத்தில் நின்று கைதட்டுகிறீர்களா? அரிசி களைய 5, போட 2, வழிக்க 5, கழுவ 8. கூட்டிப் பாருங்கள், 20.

வடவள்ளிக்காரி:
கைதட்டுவதில்லை சார், தண்ணீர் தெளிக்கிறேன். உளுந்துக்கு மொத்தமாக ஊற்றினால் பொங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, ஓரத்தில் ஏறுவதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கல்லைத் தூக்கிக் கழுவ 8 நிமிடமாம். கல்லின் அடியில் ஒட்டிய மாவை நீங்கள் பார்த்ததே இல்லை என்பது அந்த 8இலேயே தெரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை கதையைக் கேளுங்கள். மின்சாரப் பராமரிப்பு, 9 முதல் 4 வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம். மாமியார் படித்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. உளுந்து பாதி ஓடியபோது நின்றுவிட்டது. மிக்சியும் ஓடாது. ஊறிய அரிசியைச் சாயங்காலம் வரை இந்த வெயிலில் வைக்க முடியுமா? கொல்லையில் காக்காய்க்குத் தண்ணீர் வைக்கும் பழைய ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவி உட்கார்ந்தேன். பத்து சுற்று சுற்றியிருப்பேன், பள்ளியிலிருந்து போன், சின்னவன் பரீட்சை அட்டையை மறந்துவிட்டான். கையைக் கழுவிக்கொண்டு ஓடி, டவுன் பஸ் பிடித்து, கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா முழங்கையைக் காட்டி "மாவு காஞ்சு போயிருக்கு கண்ணு" என்கிறார். வீட்டுக்கு வந்தால் 71 வயது மாமியார் மீதி முழுவதையும் ஆட்டி முடித்துவிட்டு, நான் வைத்த தண்ணீர் ஜாஸ்தி என்கிறார். அப்புறம் பார்த்தால் கரண்ட் 10:40க்கே வந்துவிட்டது. இதையும் உங்கள் 20இல் சேருங்கள்.

கணக்குப்பிள்ளை:
நல்ல கதை. கரண்ட் இருந்திருந்தால் 20 நிமிடம்.

முத்துநகர் மாறன்:
எங்கள் அம்மா ஆறு பேருக்கு ஆட்டுக்கல்லில்தான் ஆட்டினார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. இப்போது எல்லாம் மோட்டார், அப்படியும் புலம்பல்.

வடவள்ளிக்காரி:
மாறன் தம்பி, அம்மா ஆட்டும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தால் அலுப்பு எப்படிக் காதில் விழும்? அம்மாவையே இந்தத் திரிக்குக் கூட்டி வாருங்கள், அவரிடம் கேட்கலாம்.

முத்துநகர் மாறன்:
அம்மாவை இழுக்க வேண்டாம்.

வடவள்ளிக்காரி:
இழுத்ததே நீங்கள்தானே.

புதுக்குடித்தனம்:
அக்கா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். கல்யாணமாகி இரண்டு மாதம். வெந்தயத்தை உளுந்தோடு ஊறவைக்க வேண்டுமா, அரிசியோடா?

தஞ்சாவூர் தலையாட்டி:
அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்று அளந்து போட்டால் வெந்தயமே வேண்டாம். ரேஷன் புழுங்கலே போதும், இட்லி அரிசி என்பது கடைக்காரர்கள் கிளப்பிவிட்டது.

வடவள்ளிக்காரி:
நாலுக்கு ஒன்றா? உங்கள் வீட்டு இட்லியைச் சுவரில் எறிந்தால் திரும்பி வரும். மூன்றுக்கு ஒன்று போடுங்கள். கிரைண்டரைப் பற்றிக் கோவைக்காரிக்குச் சொல்லித்தர வேண்டாம், புவிசார் குறியீடே எங்கள் ஊர் கிரைண்டருக்குத்தான் இருக்கிறது.

தஞ்சாவூர் தலையாட்டி:
குறியீடு கிரைண்டருக்கு, இட்லிக்கு இல்லை. குறியீடு எங்கள் பொம்மைக்கும்தான் இருக்கிறது, அதற்காக நான் ஆடிக்கொண்டா இருக்கிறேன்?

கணக்குப்பிள்ளை:
பேச்சை மாற்றுகிறார்கள். 20 நிமிடத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இதே அம்மாதான் போன வருடம் ரசத் திரியிலும் இப்படிச் சுற்றி வளைத்தார். பருப்புத் தண்ணீர் விடாதது ரசமே இல்லை என்று நான் சொன்னதற்கு நாற்பது பதிவு.

வடவள்ளிக்காரி:
நாற்பது இல்லை, முப்பத்தொன்று. அதில் தோற்ற கோபம் இங்கே வந்து நிற்கிறது என்று எனக்கு முதல் வரியிலேயே தெரியும். சரி, கணக்கு வேண்டுமா? 2019இல் மத்திய அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், செய்யும் ஆண்கள் 97. வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு, பெண்கள் 134, ஆண்கள் 76. சம்பளம் இல்லாமல்.

கணக்குப்பிள்ளை:
299 என்றால் ஐந்து மணி நேரம்கூட முழுதாக இல்லை. நான் ஒன்பது மணி நேரம் ஆபீஸில் உட்காருகிறேன். அந்த 299இல் மாவுக்கு 20 போக மீதி 279.

வடவள்ளிக்காரி:
அந்த 299 வேலைக்குப் போகிற பெண்களையும் சேர்த்த சராசரி சார். அவர்கள் ஆபீஸும் போய், வந்து இதையும் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதில் உண்டு, உங்கள் ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்கிறதா? திரும்பவும் 20 என்று எழுதியிருக்கிறீர்கள், வெட்கமாக இல்லை?

ஓரமாக நிற்பவள்:
2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. வெளிநாட்டில் கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு, வீட்டில் அவள் பார்த்த வேலையும் பங்களிப்புதான் என்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அந்தத் தீர்ப்பில் மாவு ஆட்ட எத்தனை நிமிடம் என்று இருக்கிறதா? பக்க எண் சொல்லுங்கள்.

முத்துநகர் மாறன்:
அதுதான் மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறதே, இன்னும் என்ன.

வடவள்ளிக்காரி:
எனக்கு வரவில்லை. வந்தாலும் 1000ஐ 30 நாளால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 33 ரூபாய். கணக்குப்பிள்ளை சாரின் 20 நிமிடத்துக்கு அதில் எவ்வளவு என்று அவரே போடட்டும், பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

மட்டுறுத்துநர்:
தலைப்புக்குள் பேசவும். தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். அரசியல் வேறு பகுதியில்.

வடவள்ளிக்காரி:
தலைப்பே 20 நிமிடம்தான் ஐயா, அதை விட்டு ஒரு அடி நகரவில்லை. நகர்த்தியது மாறன் தம்பி. இன்னொன்றையும் விட்டுவிட்டேன். ஆட்டுவதோடு முடிகிறதா? உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றி வைக்க வேண்டும். மாமியார் ஆட்டிய அன்று பெரிய பாத்திரத்தில் பெரியவன் மீன் வளர்க்க ஆரம்பித்திருந்தான், அதனால் சின்னதில் ஊற்றினேன். விடிகாலை எழுந்து பார்த்தால் மேடையெல்லாம் மாவு, அடுப்புப் பர்னருக்குள் மாவு, எறும்பு வரிசை. துடைக்க முக்கால் மணி. தண்ணீர் ஜாஸ்தி என்றாரே, பொங்கியதைப் பார்த்துவிட்டு, "நான் ஆட்டினேன், அதான்" என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
பாத்திரம் சின்னது என்பது நிர்வாகக் கோளாறு. மாவின் மேல் பழி போடக் கூடாது.

வடவள்ளிக்காரி:
ஒரு சனிக்கிழமை நீங்களே ஆட்டுங்கள். களைவதிலிருந்து கல் கழுவி மேடை துடைக்கும் வரை, வெட்டாமல் வீடியோ எடுத்துப் போடுங்கள். 21 ஆகாவிட்டால் ரசத் திரியையும் விட்டுத் தருகிறேன்.

கணக்குப்பிள்ளை:
எங்கள் வீட்டில் கிரைண்டர் இல்லை. பாக்கெட் மாவுதான். மனைவி வேலைக்குப் போகிறார்.

வடவள்ளிக்காரி:
கிரைண்டரே இல்லையா!!! மூன்று பக்கம் என்னை எழுதவைத்தது கிரைண்டர் இல்லாத வீடா?

கணக்குப்பிள்ளை:
விமானம் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல விமானம் வாங்க வேண்டியதில்லை. 20 நிமிடம்தான்.

தஞ்சாவூர் தலையாட்டி:
நாலுக்கு ஒன்று.

புதுக்குடித்தனம்:
வெந்தயம் யாராவது சொல்லுங்களேன், இப்போது ஊறவைத்தாக வேண்டும்.