ஓவர்ஃப்ளோ துளையில் நீர்க்கசிவு, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 4 அடி மீன் தொட்டி இருக்கிறது, கண்ணாடி 10 மில்லிமீட்டர். கீழே சம்ப் (நீரை வடிகட்டும் தனித் தொட்டி) வைப்பதற்காகப் பின்பக்கக் கண்ணாடியில் நீர் வழிந்து இறங்கத் துளை போட்டு 1 இன்ச் டேங்க் நிப்பிள் (துளையில் பைப்பை இணைக்கும், மரையும் நட்டும் உள்ள பாகம்) மாட்டினேன். நீர் நிரப்பிய அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் நட்டின் அடியில் ஈரம். துடைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது.

ரப்பர் வாஷரை நட்டுப் பக்கம், அதாவது தொட்டிக்கு வெளியே போட்டிருந்தேன். உள்ளே, நிப்பிளின் அகன்ற விளிம்புப் பக்கம்தான் வர வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்தது. அதற்குள் பதற்றத்தில் நட்டைச் சுற்றிச் சிலிக்கான் பூசிவிட்டேன், நிற்கவில்லை. ஸ்பேனர் போட்டு முறுக்கப் பயமாக இருக்கிறது, துளை ஓரத்தில் அரிசி அளவு சில்லு பெயர்ந்திருக்கிறது.

தொட்டியைக் காலி செய்து, பழைய சிலிக்கானைப் பிளேடால் சுரண்டி, வாஷரை இடம் மாற்றினால் போதுமா? அந்தச் சில்லு வாஷருக்கு அடியில் வந்தால் என்ன செய்வது? வாஷரோடு மெல்லிய சிலிக்கானும் வைக்கலாமா, அல்லது வாஷர் வழுக்கி நகர்ந்துவிடுமா? அப்புறம், பைப் மரையில் டெஃப்ளான் டேப் எத்தனை சுற்று சுற்றுகிறீர்கள்?

ஆறு தங்கமீன்களும் ஏர் பம்ப்போடு பிளாஸ்டிக் டிரம்மில் இருக்கின்றன. பெரிய மீன்கள், அந்த இடம் அவற்றுக்குப் போதாது. தினமும் பாதித் தண்ணீர் மாற்றுகிறேன். இதே வேலையைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.