லண்டனில் பர்சனல் டிரெய்னர் தொழில்: காசு கொடுத்து வரும் ஆளை எங்கே தேடுவது?

கேள்வி (மன்னார்குடி, இப்போது ஈஸ்ட் ஹாம்):
லெவல் 3 பர்சனல் டிரெய்னர் சான்றிதழ் கையில் இருக்கு. மனைவியோட ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் டிபென்டன்ட். தினமும் ரீல் போடுறேன். லைக் எல்லாம் தஞ்சாவூர், கும்பகோணத்திலிருந்து வருது, இங்கே ஒரு ஆள் கூப்பிடல. கூகுள் விளம்பரத்துக்குப் பணம் போடலாமா அண்ணே?

பதில் (கும்பகோணத்துக்காரர்):
இப்போ வேண்டாம் தம்பி. முதல்ல விசாவைப் பாருங்க. டிபென்டன்டுக்குச் சுயதொழில் உண்டு, ஆனா விளையாட்டு வீரராவோ விளையாட்டுக் கோச்சாவோ வேலை பார்க்கக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கு. உங்க வேலை அதுக்குள்ள வருதான்னு பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகர்கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. ஸ்டூடன்ட் விசாக்காரங்களுக்குச் சுயதொழிலே கிடையாது, "சும்மா ரெண்டு பேருக்கு"ன்னாலும் சரி. வரி வருஷத்துல வரவு 1,000 பவுண்ட் தாண்டினா, அந்த வருஷம் முடிஞ்சு வர்ற அக்டோபர் 5-க்குள்ள சுயதொழில்னு பதிவு. இன்சூரன்ஸ் இல்லாம ஒருத்தரையும் தொடாதீங்க. பார்க்ல காசு வாங்கிப் பயிற்சி கொடுக்கறதுக்கு முன்னாடி கவுன்சில்ல அனுமதி வேணுமான்னு கேட்டுடுங்க.

இனி ஆள் பிடிக்கிற விஷயம். சம்பாவுக்கு வயல் முழுக்கவா நாத்து விடறோம், ஒரு மூலையிலதானே? அதே மாதிரி ஒரே வகை ஆள், ஒரே வட்டாரம். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்திலிருந்து நடந்து வர்ற தூரம், நாற்பது தாண்டினவங்க, சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்கிறவங்க. தெற்காசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு) 23-லயே ஆபத்து கூடுது, 27.5-ல அதிகம்னு இங்கத்த மருத்துவ வழிகாட்டுதலே சொல்லுது. பொது அளவான 25, 30-ஐ வெச்சு "நான் நார்மல்தான்"னு நினைக்கிற நம்மாட்கள் நிறைய. உங்க முதல் போஸ்ட் அதுதான், சிக்ஸ் பேக் போட்டோ இல்ல. சர்க்கரையைக் குணமாக்குறேன்னு மட்டும் எழுதிடாதீங்க.

"6 வாரத்தில் 8 கிலோ", "தொப்பை மட்டும் கரையும்" ரெண்டும் இங்கத்த விளம்பர விதிப்படி தப்பு. ஊர்ல ஜிம் பேனர்ல எழுதற வாசகத்தை அப்படியே கொண்டு வந்து மாட்டிக்கிறவங்கதான் அதிகம்.

பதில் (திருவாரூர் பக்கம்):
கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடல்லயும் மேப்லயும் உங்க தொழிலைக் காட்டுற பக்கம், இலவசம். வீட்டு முகவரியை மறைச்சு, சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம். ரிவ்யூவுக்குத் தள்ளுபடியோ இலவச செஷனோ கொடுக்காதீங்க, கூகுள் தூக்கிடும். நாலாவது வாரம், ஆள் தானா "இப்ப மூச்சு வாங்கல"ன்னு சொல்ற அன்னைக்கே லிங்க் அனுப்புங்க. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியா அனுப்புறது), உங்க நம்பரைச் சேமிச்சவங்களுக்கு மட்டும்தான் போகும். அதனால முதல் பேச்சுலயே நம்பரைச் சேமிக்கச் சொல்லிடுங்க.

விலை: ஜிம் வாடகை மாசம் 500 பவுண்ட், செஷன் 40-ன்னு வெச்சா முதல் 13 செஷன் வாடகைக்கே போயிடும். "நம்ம ஊர்க்காரர்தானே"ன்னு 20-க்கு இறங்கினா 25 செஷன். அப்புறம் அவர் கூட்டிட்டு வர்றவங்களும் 20-தான் கேப்பாங்க. முதல் செஷனை 30 நிமிஷ மதிப்பீடா இலவசமா வைங்க, விலையில கை வைக்காதீங்க.

கேள்வி கேட்டவர்:
அப்போ அந்தத் தஞ்சாவூர் லைக் எல்லாம் வேஸ்டா?

பதில் (மயிலாடுதுறை):
இல்ல, அதுதான் உங்க மதிய நேரம். லண்டன்ல வேலைக்குப் போறவங்க காலையிலயும் சாயங்காலமும்தான் வருவாங்க, நடுவுல டிரெய்னருக்கு வேலை இருக்காது. ஊர்ல சாயங்காலம் 6 மணின்னா இங்க குளிர்காலத்துல 12.30, கோடையில 1.30. ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பிள்ளைங்க இங்கிருந்து காசு கட்டுற பேக்கேஜா விற்கலாம். விளம்பரத்தைப் பிள்ளைங்களுக்கு எழுதணும், பெத்தவங்களுக்கு இல்ல.

வீடியோ கால்ல முதல் வேலை 30 வினாடி நாற்காலிச் சோதனை. கையை மார்புல குறுக்கே கட்டிக்கிட்டு எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார்றாங்கன்னு எண்ணிக்குங்க. பிளாஸ்டிக் சேர் மொசைக் தரையில வழுக்கும், சேரோட முதுகைச் சுவர்ல முட்டி வைக்கச் சொல்லுங்க. பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். நெஞ்சுவலி, தலைசுத்தல், மாத்திரை எல்லாம் எழுதி வாங்காம ஆரம்பிக்காதீங்க. இங்க எடுத்த இன்சூரன்ஸ் இந்தியாவில இருக்கிற கிளையன்டுக்குச் செல்லுமான்னும் கேளுங்க, பல பாலிசியில செல்லாது.

ஒண்ணு விட்டுப்போச்சு. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கினாலும், தை மாசம் சம்பா அறுப்பு வந்தாலும், நிலம் இருக்கிற வீட்டு அப்பா மொபைல் முன்னாடி நிக்க மாட்டார். 8 செஷன் பேக்கேஜுக்கு ஒரு மாசக் கெடு வெச்சா பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. பத்து வாரமா வைங்க.